கனவில் புகுந்த ஆடுகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனை யாருடையது என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார் என்பார்கள், சிலர் சிங்கப்பூர் என்பார்கள். அவர் வரும்வரை சும்மா கிடப்பானேன் என்று அம்மா அதில் கத்தரியும் வெண்டையும் போட்டாள். ஓரமாக ஓர் அவரைப் பந்தலும் கட்டினாள். மனைக்கு அந்தப் பக்கம் ஒரு செராமிக் கம்பெனியின் பின்சுவர். சூளையில் வெந்து எடுத்ததில் விரிசல் விட்டவை, கோணிப்போனவை எல்லாவற்றையும் சுவருக்கு வெளியே கொட்டிவிடுவார்கள். மூக்கில்லாத பொம்மைகள், பிடி இல்லாத கப்புகள், மின்சாரப் பெட்டிக்குள் இருக்குமே, அந்த வெள்ளை பியூஸ் கட்டைகள். பனிக்காலத்துக் காலையில் அந்தக் குவியலைப் பார்த்தால் மேகம் ஒன்று களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அந்த வருஷம் பனி தொடங்குகிற சமயத்தில் அத்தா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், குவைத்திலிருந்து வந்தார். அப்போது எனக்கு எட்டு வயது. வழக்கமாக அவர் பெருநாளை ஒட்டித்தான் வருவார். வருவதற்கு முன்பே வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார். வாசலில் கார் வந்து நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். இந்த முறை நான் ஸ்கூல் விட்டு வந்தபோது வாசலில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"லீவுல வந்திருக்காங்க, எழுப்பாத" என்றாள் அம்மா.

பெருநாள்போல வந்து பெருநாள்போலவே போய்விடுகிறவர், பெருநாளே இல்லாத மாதத்தில் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூலில் எல்லோரிடமும் சொன்னேன். லீவு நீளமாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டேன். அது நீண்டுகொண்டே போனது.

ஆனால் அத்தா லீவில் இருக்கிறவர்மாதிரி இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடிக்கக் காத்திருப்பார். அடித்தால் எடுக்கமாட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனால் கடைத்தெரு வழியாக வராமல் சந்து வழியாகத் திரும்பிவிடுவார். கடைத்தெருவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று. ஒருநாள் மாமா வந்து தாழ்ந்த குரலில், "இங்கயே எதாச்சும் பாக்கலாம் மச்சான்" என்றார். "இங்க எனக்கு என்னா வேல இருக்குது?" என்று கேட்டுவிட்டு அத்தா மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் உள்ளே நுழைந்ததும் மாமா பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். பேச்சு அதோடு நின்றது.

அப்போதுதான் ஆடுகள் வந்தன. இரண்டு வீடு தள்ளி இருந்தவளை நாங்கள் ஆட்டுக்கார அக்கா என்போம். புருஷன் இல்லாதவள். ஆடுகளை வைத்துத்தான் அவளுக்குச் சோறு. விடிந்ததும் அவிழ்த்துவிட்டால் அவை ரயில் பாதை ஓரமாக மேய்ந்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பும். அன்றைக்கு ரயில் பாதைவரை போக அவற்றுக்குப் பொறுமை இல்லை. காய்த்துக் குலுங்கிய அவரைப் பந்தலில் பாதியை இழுத்துச் சாய்த்து, பூவும் பிஞ்சுமாகத் தின்றுவிட்டன. அம்மா போட்ட சத்தத்தில் அத்தா லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இதுக்கு ஒரு வேலி கட்டக் கூடாதா?"

"யாரு கட்டுறது?" என்றாள் அம்மா. அவள் கோபமாகச் சொல்லவில்லை.

அத்தா சாய்ந்த பந்தலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அருவா எங்க இருக்குது?" என்று கேட்டார்.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே மஞ்சள் வெயிலில் நடந்ததாகத்தான் தோன்றுகிறது. அத்தா ஏரிக்கரைக்குப் போய் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிக் கட்டாகக் கட்டி இழுத்து வந்தார். சவுக்குக் கட்டைகளை நட்டார். குவைத்தில் அவர் ஒரு பெரிய கிடங்கில் சூப்பர்வைசர், கையால் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கியதில்லை என்று மாமா பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தக் கையெல்லாம் முள் கிழித்து ரத்தம் வந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் கட்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் முறுக்கிக்கொண்டே கதை சொல்வார். "அங்க எல்லாம் தலகீழ் பாப்பா. வேலிக்குள்ள நாங்க இருப்போம். ஒட்டகம் வெளிய நின்னுக்கிட்டு எங்களப் பாத்துட்டுப் போவும்." ஜங்ஷனில் ரயில் கூவும். சூளைப் புகை எங்கள் தலைக்கு மேலே அசையாமல் நிற்கும். மனிதர்களை உள்ளே வைத்து வேலி போட்டால் அவர்கள் எதைத் தின்றுவிடுவார்கள் என்று யோசித்தபடி நான் நின்றிருப்பேன்.

முள்ளுக்கு மேலே ஒரு கம்பியை இழுத்துக்கட்டி, கம்பெனிக் குவியலிலிருந்து பொறுக்கிவந்த பியூஸ் கட்டைகளை அதில் வரிசையாகக் கோத்தார். ஆடு முட்டினால் சத்தம் வர வேண்டும் என்பது திட்டம். ஆடு முட்டாமலே சத்தம் வந்தது. சின்னக் காற்றுக்குக்கூட அது கிணுகிணுவென்று ஆரம்பித்துவிடும். சாப்பிட உட்காரும்போது அத்தா காதைச் சாய்த்துக் கேட்பார். மறுசோறு போட்டுக்கொள்வார். அம்மா சிரித்தபடி பரிமாறுவாள்.

வேலி முடிந்தது. அத்தா இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கட்டிலுக்குத் திரும்பினார். சுவர் அங்கேயேதான் இருந்தது.

ஆனால் ஆடுகளும் விடவில்லை. ஒருநாள் காலையில் வெண்டைப் பாத்தி மொட்டையாகிக் கிடந்தது. முள் ஓரிடத்தில் விலகியிருந்தது. அத்தா துள்ளி எழுந்தார். இன்னும் நெருக்கமாகக் கட்டை நட்டார், முள்ளை இரட்டை வரிசையாக்கினார். சில நாள் அமைதி. மறுபடி அவர் படுக்கப் போனதும் மறுபடி ஆடு. இப்படியே நடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று யோசனை சொன்னார்கள். மிளகாய்த்தூள் கரைத்துத் தெளிக்கச் சொன்னார் ஒருவர். சலூனில் முடி வாங்கிவந்து தூவச் சொன்னார் இன்னொருவர். அத்தா எல்லாவற்றையும் செய்தார். கடைசியில் ஒவ்வொரு சவுக்குக் கட்டையின் தலையிலும் மூக்கில்லாத பொம்மை ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். விருத்தாசலத்தில் அப்படியொரு வேலி அதற்கு முன்னும் இருந்திருக்காது, பின்னும் இருந்திருக்காது. கத்தரிக்காய்க்குக் கோட்டை கட்டியிருக்கிறார்கள் என்று ஸ்கூல் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு விடியலில் எனக்கு விழிப்பு வந்தது. வந்ததா, வந்ததுபோல இருந்ததா என்பதை என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே பனியும் புகையும் கலந்து, உலகம் பாலில் விழுந்ததுபோல இருந்தது. அந்த வெள்ளைக்குள் அம்மா நின்றாள். தலையில் முக்காடு. ஒரு கையால் பியூஸ் கட்டைகளைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்திருந்தாள், அழப்போகிற குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல. மறு கையால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு ஒரு கொத்து அவரைக்கொடியை ஆட்டிக் காட்டி, "ந்தா… ந்தா…" என்று மெல்லக் கூப்பிட்டாள். ஆடுகள் கால்களே இல்லாமல் பனியில் மிதந்து வந்தன. அவை தின்பதை அம்மா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் அவள்தானே, அவளாவது ஆட்டைக் கூப்பிட்டு ஊட்டுவதாவது. கனவு என்று முடிவு செய்துகொண்டு தூங்கிப்போனேன்.

காலையில் அத்தாவின் சத்தம்தான் எழுப்பியது. பந்தலில் ஒரு பிஞ்சுகூட மிச்சமில்லை. அவர் நேராக ஆட்டுக்கார அக்கா வீட்டுக்கு நடந்தார். அம்மா பின்னால் ஓடினாள். அம்மாவுக்குப் பின்னால் நான்.

"ஆட்டக் கட்டிப் போட முடியாதா உன்னால?"

"என்னா பாய் பேசுறீங்க? ராத்திரியெல்லாம் கட்டித்தான் இருக்குது. விடிஞ்சாத்தான் அவுத்து வுடுறேன். நீங்க கட்டுன வேலிய ஆடு எப்படித் தொறக்கும்? அதுக்கு என்னா கையா இருக்குது?"

"கை ஒனக்கு இருக்குதே. நீதான் தொறந்து வுடுற."

"நானா? நானா பாய்?"

ஆடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைத்துவிடப் போவதாக அத்தா கத்தினார். அடைத்தால் அபராதம் கட்டி மீட்க அவளிடம் என்ன இருக்கிறது என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "வேணாங்க, வுட்டுருங்க" என்று அம்மா அத்தாவின் கையைப் பிடித்தாள். வேறு ஏதோ சொல்லவும் வாயைத் திறந்தாள். பெரியவர்கள் அழுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எதையாவது சொல்லி அதை நிறுத்த வேண்டும்போல இருந்தது.

"அக்கா தொறக்கல அத்தா. என் கனவுல அம்மாதான் தொறந்தாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தா என் உயரத்துக்குக் குனிந்தார்.

"கனவுல என்னா பாத்த?"

சொன்னேன். பனியைச் சொன்னேன், கால் இல்லாத ஆடுகளைச் சொன்னேன், சத்தம் வராமல் இருக்கப் பீங்கானை அம்மா எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று என் கைகளால் செய்து காட்டினேன். அத்தா நிமிர்ந்தார். தன் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை முள் கீறல்கள். சில காய்ந்தவை, சில அன்று காலையில் விழுந்தவை. அம்மா கையை இழுத்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆட்டுக்கார அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு விளங்காதது அவளுக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

"தப்பாப் பேசிட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க" என்றார் அத்தா.

"சரி பாய். வூட்டுக்குப் போங்க. போயி டீய குடிங்க மொதல்ல" என்றாள் அவள். அம்மாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனாள். ஆடுகள் வயிறு நிறைந்த நிம்மதியில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்தோம். அத்தா நேரே தோட்டத்துக்குப் போனபோது வேலியைப் பிய்த்து எறியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, அம்மா எந்த இடத்தில் திறந்தாள் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அந்த இடத்து முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு, சவுக்குச் சிம்புகளை வைத்துச் சின்னதாக ஒரு படல் கட்டினார். தள்ளினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

"வழி வெச்சிருக்கேன். இனிமே கையக் கிழிச்சுக்காத" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அம்மா அடுப்படி வாசலில் நின்று வெகுநேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

குவைத்தில் அத்தாவின் வேலை போய்விட்டது, அவர் வந்தது லீவில் அல்ல என்பதெல்லாம் நான் பெரிய வகுப்புக்குப் போன பிறகு எனக்குத் தெரிந்தவை. அம்மா தன் தோட்டத்தை ஆட்டுக்குக் கொடுத்து அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தாள் என்பது அதற்கும் பிறகு, எனக்குக் கல்யாணமான பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுத்த வாரமே அத்தா அந்தப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார் என்பதுதான். யாரையும் சிபாரிசுக்குக் கூப்பிடாமல் தானே போய்க் கேட்டிருந்தார். பீங்கான் சாமான்களை வைக்கோல் வைத்துக் கட்டி லாரியில் ஏற்றுகிற வேலை.

முதல் நாள் காலை அம்மா டிபன் பாக்ஸில் சோறு கட்டிக் கொடுத்தாள். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அத்தா கடைத்தெருப் பக்கமாகவே நடந்து போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முக்காட்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தா ஊருக்குக் கிளம்புகிற ஒவ்வொரு முறையும் அவள் அப்படித்தான் அழுவாள். பழக்கத்தில் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. தேற்ற வேண்டியது என் பொறுப்பு என்று கிட்டே போனேன்.

"அத்தா குவைத்துக்குப் போவலம்மா. இங்கதான போறாங்க. சாயங்காலம் வந்துடுவாங்க."

"அதுக்குத்தாண்டி அழுவுறேன்" என்றாள் அம்மா. சொல்லும்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் அழுதாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடப்போகிற ஒருவருக்காக எதற்கு அழ வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. ஸ்கூலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.