முறிகண்டி இடைவேளை

ஓம், சொல்லலாம். எல்லாக் காலத்துக்கும் நல்ல படம் எதுவெண்டுதானே கேட்டனியள்? ஆனா நீங்கள் எங்க ஏறி எங்க இறங்கிறனியள் எண்டு முதல் சொல்லுங்கோ. அது தெரியாமல் நான் வாய் திறக்க மாட்டன்.

ஏனெண்டா நான் கொண்டக்டர். புதுக்குடியிருப்பில வெளிக்கிட்டு, பரந்தன், கிளிநொச்சி பிடிச்சு, வவுனியாவுக்கு ஓடுற தனியார் பஸ். இந்த வேலையில மிதிபலகையில தொங்கிறதும் சுகம், சனத்தைப் பின்னுக்குத் தள்ளுறதும் சுகம், படம் போடுறதுதான் கஷ்டம். முன்னுக்கு ஒரு ரீவி, என்ர பொக்கற்றுக்க பென் ட்ரைவ், பஸ் நிறையச் சனம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு படம் உலகத்திலயே திறம். கலியாண வீட்டில பாட்டுப் போடுறவர், சலூனில ரேடியோ திருப்புறவர், வீட்டில ரிமோட்டைக் கையில வச்சிருக்கிறவர், நீங்கள் ஆராயிருந்தாலும் என்ர பாடு உங்களுக்கு விளங்கும். எங்கள் எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான்.

பிள்ளையார் விடுற இடைவேளை

எங்கட றோட்டில போற பஸ் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில நிக்கும். றைவர் இறங்கிக் கும்பிடுவார். சனம் தேங்காய் உடைக்கும், கச்சான் கடலை வாங்கும், தேத்தண்ணி குடிக்கும். புதுக்குடியிருப்பில படத்தைத் துவங்கினா, பஸ் முறிகண்டியில நிக்கவும் ரீவியில இடைவேளை எண்டு விழவும் சரியாயிருக்கும். பிள்ளையாரும் படக்காரரும் பேசி வச்ச மாதிரி.

இதால வந்த வினை என்னெண்டா, கிளிநொச்சியில இறங்கிற சனத்துக்கு எந்தப் படத்திலையும் இடைவேளைக்கு அங்கால என்ன நடந்ததெண்டு தெரியாது. மாங்குளத்தில ஏறுற சனத்துக்கு அதுக்கு முதல் என்ன நடந்ததெண்டு தெரியாது. ஆனா விமர்சனம் மட்டும் ரெண்டு பகுதியும் முழுப் படத்துக்கும் சொல்லும். மாங்குளத்தில ஏறுற ஒரு பெரியவர், லாண்ட் மாஸ்டர் உழவு மெசினுக்குச் சாமான் வாங்க அடிக்கடி வவுனியா போறவர், வலு அமைதியான மனுசன். ஒருநாள் அவரிட்டக் கேட்டன், ஐயா உங்களுக்கு எப்பிடிப்பட்ட படம் விருப்பமெண்டு. சொன்னார்:

"எங்கட ஊருக்குப் படமெண்டா பழிவாங்கிறதுதான் தம்பி. ஏன் பழிவாங்கிறாங்கள் எண்டு கிளிநொச்சியாக்களைத்தான் கேக்கோணும்."

பாக்காத படம்

எங்கட றைவர் தேவண்ணை. ரீவி பூட்டியிருக்கிறது அவற்ற தலைக்குப் பின்னால, சனத்தைப் பாத்தபடி. வருசக்கணக்கா ஒவ்வொரு நாளும் படம் ஓடுது, மனுசன் ஒரு படமும் பாத்ததில்லை. எல்லாம் காதால கேட்டதுதான். ஆனா படக் கதை வந்தா முதல் குரல் அவற்றதான். "மழையுக்க ஒரு சண்டை வருமே, என்ன சத்தம்! அதுக்கு மேல படமில்லை" எண்டுவார். "நீங்கள் பாக்கேல்லையே அண்ணை" எண்டு ஆராவது வாய் விட்டா, "பாக்கிற நீங்கள் பாதியில நித்திரை. நான் நித்திரை கொள்ளாமல் கேக்கிறன், அதுக்கு நன்றி சொல்லுங்கோ" எண்டுவார்.

ஆனா இதில ஒரு சிக்கல். பாட்டுப் போனா பஸ் ஆடி அசைஞ்சு போகும். அழுகையெண்டா இன்னும் மெதுவா. சண்டை துவங்கினா தேவண்ணையின்ர கால் தன்ரபாட்டில அமத்தும், பஸ் பறக்கும். ஒருநாள் விசுவமடுவில ஏறின ஒரு அம்மா, கிளினிக் கொப்பியை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு, நான் ரிக்கற் குடுக்க முதலே என்ர கையைப் பிடிச்சிட்டா:

"தம்பி, சண்டைப் படம் போட்டிடாதேங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குத்தான் போறன், வாட்டில படுக்கப் போகேல்லை."

சரசக்காவின்ர படம்

சரசக்கா தர்மபுரத்தில ஏறி கிளிநொச்சியில இறங்கிறவா. சந்தைக்குக் கிட்டத் தையல் கடை வச்சிருக்கிறா. பின்னேரம் நாங்கள் வவுனியாவால திரும்பி வரேக்க கிளிநொச்சியில ஏறித் தர்மபுரத்தில இறங்குவா. போகேக்கையும் வரேக்கையும் ரீவிக்கு நேர இருக்கிற முன் சீற்றில யன்னல் பக்கம் அவாவுக்கு. அது ஆசைக்கு இல்லை. பின்னுக்கு இருந்தா அவாவுக்குச் சத்தி வரும். ஒருநாள் இடமில்லாமல் கடைசிச் சீற்றில இருந்திட்டா, பரந்தன் போகும் மட்டும் தலை யன்னலுக்கு வெளியாலதான்.

உலகத்தில நல்ல படம் எதுவெண்டு கேட்டா அவாவிட்ட ஒரே பதில்தான். நாங்கள் முந்தி ஒரு கிழமை முழுக்கப் போட்ட படம். கதாநாயகன் ஊரில கமக்காரன். வெள்ளம் வந்து வயல், வீடு, மாடு எல்லாத்தையும் கொண்டு போகுது. தாயையும் கூட்டிக்கொண்டு வெறுங்கையோட ஊரை விட்டு வெளிக்கிடுறான். பிறகு பட்டணத்தில மேசன் வேலை செய்து, கல்லுக் கல்லா அடுக்கி, தாய்க்கு ஒரு வீடு கட்டிப் பால் காய்ச்சிறான். இதைச் சொல்லேக்க சரசக்காவின்ர கை காத்தில கல்லடுக்கும். அவாவின்ர வீட்டுத்திட்ட வீடு கன காலமா கூரை ஏறாமல் லிண்டல் மட்டத்திலதான் நிக்குது, மேல தறப்பாள். அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லமாட்டா. படத்தைப் பற்றி மட்டும் சொல்லுவா:

"எல்லாம் போனவன் வீடு கட்டுறான். இதைவிட வேற கதை உங்களுக்கு என்னத்துக்கு?"

பந்தயம்

அதே சீற்றில ஓரப்பக்கம் இருக்கிறவர் போஸ்மாஸ்டர் ஐயா. பென்சன் எடுத்த மனுசன். நோகிற முழங்காலை நீட்ட அவருக்கு அந்த இடம் வேணும். வெள்ளிக்கிழமையில புதுக்குடியிருப்பில ஏறி வவுனியாவில மகள் வீட்ட போவார். திரும்பி வரேக்க மருமோன் காரில கொண்டந்து விடுவார். அதால எங்கட காலமைப் படங்களைத் தலையிலயிருந்து வால் மட்டும் பாத்தவர் அவர் ஒருத்தர்தான். சும்மா இருப்பாரே?

"பிள்ளை, அந்தப் படத்தில அவன் பட்டணத்துக்குப் போறேல்லை. பாதி வழியில திரும்பி வந்து, ஆத்தோட போயிடுறான். தாயும் செத்து, படமும் முடியுது."

"ஆர் செத்தது? பால் பொங்கினதை நான் என்ர கண்ணால பாத்தனான்."

"ஊரில அவனுக்குப் பேர் முருகேசு. உம்மட மேசனுக்கு என்ன பேர்?"

"ராசா."

"பாத்தீரோ!"

"பட்டணத்துக்குப் போய்ப் பேரை மாத்தாதவன் ஆரண்ணை இருக்கிறான்?"

"சரி, அந்த மொத்தத் தாய் அந்த உடம்போட எப்பிடிப் பட்டணம் போனவா?"

"மெலிஞ்செல்லோ போனா! பட்டணத்தில பாத்தனான், அரைவாசி ஆள்தான் மிச்சம்."

தர்மபுரத்தில ஏறுற சனம் முழுக்கச் சரசக்காவின்ர பக்கம். அவையும் பால் பொங்கினதைப் பாத்தவை. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லிச்சினம். "நான் படிச்ச பள்ளிக்கூடத்தில படத்துக்குச் சோதினை வைக்கேல்லை" எண்டு நழுவினன். கடைசியில தாங்களே முடிவெடுத்திட்டினம். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைத் திருப்பிப் போடுறது. சரசக்கா கடையைப் பூட்டிப்போட்டு வவுனியா போகும் மட்டும் இருந்து முழுசாப் பாக்கிறது. தோத்த ஆளுக்கு அதுக்குப் பிறகு எந்த நாளும் கடைசிச் சீற்.

இறங்கேக்க மெதுவாச் சொன்னன், அக்கா யோசிச்சுச் செய்யுங்கோ, உங்களுக்குச் சத்தியெல்லோ எண்டு. திரும்பியும் பாக்கேல்லை:

"தோத்தா சத்தியெடுத்துக்கொண்டு வாறன். ஆனா அவன் வீடு கட்டினவன்."

இருமுற தாய்

வவுனியா ஸ்ராண்டில தேத்தண்ணி குடிக்கேக்க தேவண்ணையிட்ட இந்தப் பந்தயத்தைச் சொன்னன். மனுசன் கோப்பையை வச்சிட்டுக் கண்ணை மூடினார். படத்தை அவர் அப்பிடித்தான் நினைவுபடுத்திறவர்.

"டேய், காலமைத் தாய் இருமுறவா. பின்னேரத் தாய் இருமுறேல்லை, பாடுறவா. அது ரெண்டு படமடா."

அப்பதான் எனக்கு மண்டையில ஏறிச்சுது. நாங்கள் காலமைக்கு ஒரு படம், பின்னேரத்துக்கு வேற படம் போடுறனாங்கள். அந்தக் கிழமை ரெண்டிலையும் ஒரே கதாநாயகன், அதே மீசை. சரசக்கா காலமை முறிகண்டிக்கு முதல் இறங்கிறவா, பின்னேரம் முறிகண்டி தாண்டின பிறகு ஏறுறவா. சீவியத்தில ஒரு இடைவேளையும் காணாத மனுசி. காலமைப் படத்தின்ர முன் பாதியையும் பின்னேரப் படத்தின்ர பின் பாதியையும் ஒண்டெண்டு நினைச்சுக்கொண்டு, அதை உலகத்திலயே நல்ல படமெண்டு சண்டை பிடிக்கிறா. தர்மபுரமும் சேந்து பிடிக்குது. போஸ்மாஸ்டர் ஐயா சொல்லுறதும் சரி, அவா கண்டதும் சரி. படம்தான் இல்லை.

உண்மையைச் சொல்லிப்போடுவம் எண்டுதான் முதல் நினைச்சன். பிறகு அந்த லிண்டல் மட்டம் கண்ணுக்க வந்து நிண்டிட்டுது. "என்னண்ணை செய்யிறது, அப்பிடி ஒரு படம் இல்லையே" எண்டன். தேவண்ணை மிச்சத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சார்:

"இல்லாட்டி என்ன? ரெண்டும் உன்ர பொக்கற்றுக்கதானே கிடக்கு."

அந்த வெள்ளிக்கிழமை

அண்டைக்குத் தர்மபுரத்தில பஸ் நிரம்பிட்டுது. வவுனியாவில அலுவல் இருக்கிறவையும் இல்லாதவையும் ஏறிட்டினம். சரசக்கா கோயிலுக்குப் போற சீலையோட. வெள்ளம் வந்துது, மாடு போச்சுது, மொத்தத் தாய் இருமினா. முறிகண்டியில இடைவேளை எண்டு ரீவியில விழ, சரசக்கா அதை வீட்டுக்கு வந்த ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்தா. சனம் இறங்கிட்டுது. போஸ்மாஸ்டர் ஐயா மட்டும் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு அசையாமல் இருக்கிறார். நான் தேவண்ணையைப் பாத்தன். "ஐயா, பிள்ளையாரைக் கும்பிடாமல் பந்தயம் வெல்லேலாது, வாங்கோ நான் பிடிக்கிறன்" எண்டு தேவண்ணை அவரைக் கைத்தாங்கலா இறக்கிக்கொண்டு போயிட்டார். நான் பென் ட்ரைவில மற்றப் படத்தைத் தேடி, பாதிக்குத் தள்ளி வச்சன்.

கச்சானோட சனம் ஏற, பட்டணம் வந்துது. மெலிஞ்ச தாய் ஒருத்தி பாடிக்கொண்டு வந்தா. போஸ்மாஸ்டர் ஐயா கச்சானை வாய்க்குக் கிட்ட வச்சபடி நிண்டிட்டார். "இவா ஆர்?"

"தாயண்ணை. சொன்னனான்தானே, மெலிஞ்சு போனாவெண்டு. இருமலும் சுகம், பாருங்கோ, பாடுறா."

"ஓமோம்" எண்டுது தர்மபுரம். ஐயா என்னைத் திரும்பிப் பாத்தார். நான் குடுத்த ரிக்கற்றையே திருப்பிக் குடுத்துக்கொண்டு பின்னுக்குப் போயிட்டன். மாங்குளத்தில ஏறின லாண்ட் மாஸ்டர் பெரியவர் கொஞ்ச நேரம் பாத்துப்போட்டு, "என்ன தம்பி, இண்டைக்கு ஒருத்தரையும் வெட்டேல்லை?" எண்டு கேட்டார். பக்கத்திலயிருந்த மனுசி அவரை வாயை மூடச் சொன்னா. ரீவியில அவன் கல்லடுக்கத் துவங்கினான். பஸ்ஸுக்க கச்சான் உடைக்கிற சத்தமும் நிண்டிட்டுது. தேவண்ணை ஓட்டினது மாட்டு வண்டில் மாதிரி.

ஓமந்தையில போஸ்மாஸ்டர் ஐயா எழும்பினார். குடை, பை எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு கடைசிச் சீற்றுப் பக்கம் திரும்பினார். சரசக்கா ரீவியில வச்ச கண்ணை எடுக்காமல் அவற்ற பையில பிடிச்சா. "இருங்கோ அண்ணை. அந்தக் காலோட எங்க போறியள்? பந்தயம் படத்துக்குத்தான், முழங்காலுக்கு இல்லை." மனுசன் இருந்திட்டார். வவுனியா ஸ்ராண்டுக்க பஸ் திரும்ப, பால் பொங்கிச்சுது. நான் ரீவியை நிப்பாட்டினன். அதுக்குப் பிறகு வில்லன் மெசினோட வந்து அந்த வீட்டை இடிக்கிறது. பின்னேரம் புதுக்குடியிருப்பு போகும் மட்டும் இருக்கிற சனத்துக்குத்தான் தெரிஞ்ச சங்கதி அது, அப்பிடியே இருக்கட்டும்.

எல்லாரும் இறங்கும் மட்டும் போஸ்மாஸ்டர் ஐயா இருந்தார். பிறகு என்ர தோளைப் பிடிச்சு இறங்கினபடி, காதுக்க சொன்னார்:

"கொண்டக்டர், போன முறை இந்தப் படத்தில அவன் செத்தவன். இனி இப்பிடியே போடும்."

ஓம், இப்பவும் அவை ரெண்டு பேரும் அந்தச் சீற்றிலதான். இப்ப சண்டை உலகத்தில ரெண்டாவது நல்ல படம் எதுவெண்டு. அதில ஐயா சொல்லுறது... இந்தா, தேவண்ணை ஹோர்ண் அடிக்கிறார். "டேய், நேரமாச்சுது! படம் காட்டினது காணும், ஏறு!" ஓமண்ணை, வாறன்! சுருக்கமாச் சொன்னா, எல்லாக் காலத்துக்கும் நல்ல படம் எதுவெண்டு எனக்குத் தெரியாது, ஆனா அதை எந்த இடத்தில வெட்டி எதோட ஒட்டோணும் எண்டு எனக்கும் தேவண்ணைக்கும் முறிகண்டிப் பிள்ளையாருக்கும் நல்லாத் தெரியும்.