நாற்பத்தேழாம் பக்கத்துக்குப் பதில்

மன்னிக்கத் தெரிந்த பெருந்தன்மையாளர்கள் உலகில் எத்தனையோ பேர். தையல்காரி அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே மிஷினில் உட்கார்ந்து, கோணல் தோள்காரனுக்கும் நேராகத் தைத்துக் கொடுத்தவள். புருஷனோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதிருந்த காலத்தில்கூட அவன் சட்டைக் காலரில் ஒரு நூல் பிசகியதில்லை.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு மாடியறையில் பத்து நாள் தங்க வந்தார் ஒரு பயண எழுத்தாளர். மக்களோடு மக்களாக வாழ்ந்து பார்ப்பது அவர் தொழில். வாழ்ந்தார். மூன்று வேளையும் சாப்பிட்டார், பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைத் தப்பும் தவறுமாகப் போட்டுக் கொடுத்தார், ஊருக்குப் போய்ப் புத்தகம் எழுதினார். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சீருடைச் சட்டையின் படம். அடியில் இப்படி: "இங்கே தையல் கோணலாகவே ஓடுகிறது. நேர்கோட்டின் அவசரம் இந்த எளிய மக்களைத் தீண்டவில்லை."

படத்தில் இருந்தது ஓட்டுத் தையல். துணி நகராமலிருக்கக் கையால் நீளநீளமாகப் போட்டு, மிஷின் தையல் முடிந்ததும் உருவி எறிகிற நூல். கட்டடத்துக்குப் போட்ட சாரத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் வீடு என்று எழுதிவிட்டார் மகானுபாவர்.

புத்தகம் பள்ளிக்கூட லைப்ரரிக்கு வந்தது. தலைமையாசிரியை சரியாக நாற்பத்தேழாம் பக்கம் வரை படித்தார். மறு வாரமே, தையல்காரியிடமிருந்த சீருடை ஆர்டர் அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அவள் நாத்தனாருக்குப் போனது. தையல்காரிக்குக் 'கோணலக்கா' என்று பெயர் மிஞ்சியது.

எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "விட்டுத் தொலையேன்" என்று புத்தி சொன்ன புருஷனுக்கு, பேண்ட் இடுப்பில் ஒரு இஞ்ச் பிடித்துவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் ஆசாமி தானாகவே வந்து நின்றார், வேனில் பன்னிரண்டு வாசகர்களோடு.

"அக்கா, சௌக்கியமா? எல்லாரும் உங்க கோணல் தையலப் பாக்கத்தான் வந்திருக்காங்க. ஒண்ணு தைச்சுக் காட்டுங்களேன்."

"வாங்க தம்பி, வாங்க. உங்களத்தான் நெனைச்சுக்கிட்டே இருந்தேன்."

அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்த புருஷன் மெல்லப் பின்வாசல் பக்கம் நகர்ந்தான்.

தைத்து முடித்த சட்டைகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் சட்டையைத் திருப்பிப் போட்டு ஸ்கேலை வைத்தார்.

"என்னங்க இது, ரயில் தண்டவாளம் மாதிரியில்ல போகுது! அப்ப புத்தகத்துல இருக்கிறது?"

பன்னிரண்டு ஜோடிக் கண்கள் எழுத்தாளர் மேல் விழுந்தன. அவர் குனிந்து கிசுகிசுத்தார். "அக்கா, ஒரே ஒரு தடவ கோணலா தைச்சிடுங்க. மானம் போகுது."

"என் மானம் போனப்ப எங்க இருந்தீங்க தம்பி? எழுதினத உங்க வாயாலயே சொல்லித் திருத்திட்டு வந்துடலாம், வாங்க."

மணிக்கட்டைப் பிடித்தாள். துணியை வெட்டி வெட்டி உரமேறிய பிடி. முதலில் பள்ளிக்கூடம். "அது உருவிப் போடுற நூல்ங்க, எனக்குத் தையலப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது" என்று அவர் ஒப்பித்தார். தலைமையாசிரியை சங்கடப்பட்டு, அடுத்த வருடச் சீருடை அவளுக்கே என்றார். யாராயிருந்தாலும் அத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள். அவளுக்கு அப்போதுதான் சூடு பிடித்தது. இஸ்திரிக் கடை, மருந்துக் கடை, சலூன். சலூனில் அவர் வாக்கியத்தைச் சுருக்கப் பார்த்தார். "அந்த மண்ணு எங்க தம்பி?" என்று கேட்டு, முதலிலிருந்து சொல்ல வைத்தாள்.

பின்னாலேயே வந்த வாசகர்களோ பரம திருப்தியில் இருந்தார்கள். வாசலுக்கு வாசல் ஊர்க்காரர்கள் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், குடும்ப வழக்கைச் சொன்னார்கள். சர்வேயர் மீசையைத் திருத்திக்கொண்டார். ஒரு அம்மாளின் இடுப்பில் யாருடைய குழந்தையோ ஏறியிருந்தது. பயண நிரலில் இவ்வளவு மக்கள் தொடர்பு கிடையாது.

கடைசியாக நாத்தனார் கடை. எழுத்தாளர் தொண்டை கட்டிப்போய் ஆரம்பிப்பதற்குள், நாத்தனார் பெடலை மிதித்துக்கொண்டே சொன்னாள்: "இதென்ன பெரிய சேதி? படத்தப் பாத்த அன்னைக்கே தெரியுமே, ஓட்டுத் தையல்னு."

"எட்டு மாசமாத் தெரியுமா?"

"நீங்க கேக்கவே இல்லியே அண்ணி."

தையல்காரி எழுத்தாளரின் கையை விட்டாள்.

"நீங்க கெளம்புங்க தம்பி. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்று நாத்தனார் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.