மூன்று கோட்டுப் பிழை

உங்கள் பெரிய மாமாவை நினைத்தால் முதலில் என் கண்ணில் வருவது ஒரு கிருஷ்ணாயில் டின்தான். ஒரு பக்கம் நசுங்கிய காலி டின். அதைச் சாந்தோம் கடற்கரையில் ஈர மணல்மேல் கவிழ்த்து வைத்து, பூவரசங்குச்சியால் ஓங்கி ஓர் அடி அடிப்பேன். அந்தச் சத்தத்தோடு அவன் பாய்வான். மாமாவை ‘அவன்’ என்று எழுதுவதைப் பார்த்தால் உங்கள் அம்மா கோபித்துக்கொள்வாள். ஆனால் அவளை நான் பார்ப்பதற்கு முன்பே அவன் எனக்குச் சிநேகிதன். அந்தக் காலத்திலேயே என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

அப்போது நான் மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் இருந்தேன். அவன் மவுண்ட் ரோடு மோட்டார் கம்பெனி ஒன்றில் வண்டி துடைக்கும் தினக்கூலி. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி ‘திங்கட்கிழமை வா’ என்றால் உண்டு, வாயைத் திறக்காமல் போய்விட்டால் இல்லை. அப்படி இருக்கும்போது, வருஷாந்தர ஓட்டப் பந்தயங்களில் ஏதாவது ஒன்றில் முதலாவதாக வருகிற கூலியாளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு, மற்றக் கம்பெனிகளோடு ஓட அனுப்பப் போவதாகத் துரை சொல்லிவிட்டார். கூலிக்காரன் ஒரே ஒரு பந்தயத்துக்குத்தான் பெயர் கொடுக்கலாம். இருநூற்றிருபது கஜமா, அரை மைலா என்பதுதான் அவனுக்கு முன்னால் நின்ற கேள்வி.

எங்களுக்கு நேரம் பார்த்துச் சொன்னவர் லஸ் பக்கத்தில் கடிகாரம் பழுது பார்த்த பாய். நொடியை ஐந்து கோடாகப் பிரித்துக் காட்டும் பந்தயக் கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை வேறு கையில் கொடுக்க மனம் வராமல், விடிகாலையில் அவரே எங்களோடு கடற்கரைக்கு வந்துவிடுவார். அரை மைல் என்றால் பாயின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, தூரத்தில் நட்ட கழியைச் சுற்றிக்கொண்டு அவரிடமே திரும்பி வருவான். இருநூற்றிருபதுக்கு மட்டும் நானும் அவனும் அத்தனை கஜம் தள்ளிப் போய் நிற்போம். பாய் முடிவுக் கோட்டில் நிற்பார். முதலில் நான் கைக்குட்டையை வீசித்தான் ஓட விட்டேன். ஆனால் வருஷக்கணக்காக ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி வேலை செய்த பாய்க்குத் தூரப் பார்வை மங்கியிருந்தது. “நைனா, துணியும் தெரியலே, நீயும் தெரியலே. காதுக்கு ஏதாச்சும் கொடு” என்றார். டின் என் யோசனை.

டின் வந்த அன்றே அவன் நேரம் மூன்று கோடு குறைந்தது. அதே வாரத்தில்தான், கொட்டாங்கச்சியால் மணலில் இரண்டு குழி தோண்டிக் காலை ஊன்றிப் பாய்வதற்கும் பழகியிருந்தான். குழியின் மகிமை என்று மூவரும் நம்பினோம். கம்பெனியில் போன வருஷம் ஜெயித்தவனின் நேரத்தை அவன் தாண்டிவிட்டான்! ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். குமாஸ்தாவிடம் இருநூற்றிருபதுக்குப் பெயரும் கொடுத்துவிட்டான்.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அச்சுக்கூட வேலையாக அடையாற்றுப் பாலத்தைக் கடந்து போனேன். தூரத்தில் ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணி கல்லில் விழுந்தது, சத்தம் வரவில்லை. அவர் அடுத்த அடிக்குக் கையைத் தூக்கும்போதுதான் ‘தப்’ என்று கேட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது உறைத்துவிட்டது. அவன் டின்னுக்குப் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டு ஓடுகிறான். பாயின் காதுக்கு அது போய்ச் சேர்ந்த பிறகுதான் கடிகாரமே ஓடத் தொடங்குகிறது.

இரண்டு நாள் நான் சொல்லவில்லை. என் யோசனையாயிற்றே என்ற வெட்கம் பாதி, அவன் முகம் வாடிவிடுமே என்ற பயம் பாதி. மூன்றாம் நாள் சொன்னேன். பாய்க்குத்தான் முதலில் கோபம் வந்தது. “அரே, சீமைச் சாமான் பொய் சொல்லுமா?” என்றார். “கடிகாரம் சொல்லலே பாய், என் டின்தான் சொல்லிச்சு” என்றேன். அன்று முதல் தடவையாகக் கடிகாரத்தை அவன் கையில் கொடுத்தார். நான் தூரத்தில் போய் நின்று டின்னை அடித்தேன். குச்சி விழுவதைக் கண்ணால் பார்த்ததும் அவன் கடிகாரத்தை ஓட விட்டு, சத்தம் கேட்டதும் நிறுத்தினான். மூன்று கோடு. திரும்பவும் மூன்று. ஒரு தடவை இரண்டரை. நான் திரும்பி வந்தபோது அவன் மணலில் உட்கார்ந்திருந்தான். “அப்போ நான் வேகமே ஆவல, மச்சான். அப்படியேதான் கீறேன்” என்றான்.

அரை மைலில் மட்டும் பிழை இல்லை. புறப்பட்டதும் முடித்ததும் பாயின் பக்கத்தில்தானே. அதில் அவன் மாதாமாதம் குறைத்திருந்த நொடிகள் அத்தனையும் நிஜம். மறுநாள் போய்ப் பெயரை மாற்றிக் கொடுத்தான். “இன்னாடா, புயல் அடங்கிப் பூடுச்சா?” என்று ஷெட்டில் சிரித்தார்களாம். தலையைக் குனிந்துகொண்டு வண்டி துடைத்ததாகச் சொன்னான்.

பந்தயத்தன்று நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. இருநூற்றிருபதில் எல்லாரும் பயந்த ஆள் பாதி வழியில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மற்றவன் ஒருவன் ஜெயித்தான். தகரக் குழாயில் அறிவித்த நேரம், எங்கள் ஆளின் உண்மை நேரத்தை விடவும் அதிகம். பிறகு அரை மைல். அவன் அவ்வளவு அழகாக ஓடி நான் பார்த்ததில்லை. கடைசி வளைவில் முன்னால் வந்தான். கோட்டருகே ஒரு கை தூரத்தில் இரண்டாவதாகிவிட்டான்.

இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். லஸ் முனையில் அவனிடம் சொன்னேன்: “நான் சும்மா இருந்திருந்தா இந்நேரம் நீ நிரந்தரமாயிருப்பே.”

“ஆமா, ஆயிருப்பேன்” என்றான். ஆறுதலுக்காக ஒன்றும் மழுப்பவில்லை. “நெனச்சா வயிறு எரியுது.” கொஞ்ச தூரம் நடந்தான். “ஆனா நிஜமா வேகமானவன் ஒருத்தன் என்னிக்காவது வந்து என்னைத் தோக்கடிச்சிருப்பான், மச்சான். அப்போ இன்னா கொறைன்னே தெரியாம என் காலையே திட்டிக்கினு இருந்திருப்பேன்.”

இன்று அவன் அங்கே மேஸ்திரி. ஆனால் நிரந்தர வேலை கிடைக்க அவனுக்கு இன்னொரு வருஷமாயிற்று. அந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் மேஸ்திரியின் வாயைப் பார்த்துக்கொண்டு அவன் நின்றதற்கு நான் ஒரு காரணம். பிள்ளைகளே, உண்மையைச் சொன்னால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களுக்கு எழுத எனக்கு ஆசைதான், நடந்தது அப்படியில்லை. அடுத்த வருஷம் பெயர் கொடுக்கும் நாளில் நான் கம்பெனி வாசலில் நின்றேன். எதற்கு என்று குமாஸ்தா கேட்டு முடிப்பதற்குள் “அரை மைல்” என்று அவன் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. வந்தவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “காலங்காத்தால பீச்சுக்கு வந்துடு, மச்சான். நீ இல்லாம நான் ஓட மாட்டேன்” என்றான்.