எட்டுக் கண்ணி நேரம்

வில்லியனூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. அப்பா வைத்த கடை. அவருக்குப் பிறகு தம்பிகள் இரண்டு பேரும் பாண்டி டவுனுக்குப் போய் வேறு தொழில் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகாத நான் கடையோடு தங்கிவிட்டேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. முப்பது வருஷமாகச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறேன். தடித்த பேனா மாதிரி ஒரு மெஷின், கரண்டு கொடுத்தால் வண்டு போல இரையும். அதைப் பிடித்து எவர்சில்வர் மேல் புள்ளி புள்ளியாக எழுத வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் எழுத்து கோணிப்போகும், பெண்வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன். பல்லைக் கடிக்கிறேன் என்பதே எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரே வாரத்தில் நாலு வீட்டுச் சீர் வந்தது. நாலாவது வீட்டுக் குடத்தை முடித்துவிட்டு வடையைக் கடிக்கப் போனேன். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வலது காதுக்கு முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம், உயிர் போகிற வலி. சூடு ஒத்தடம் கொடுத்தேன், கிராம்புத் தைலம் தடவினேன், தம்பி மனைவி போனில் சொன்ன கஷாயத்தையும் குடித்தேன். எதற்கும் மசியவில்லை. காலையில் தலைவலியோடு எழுவதும், கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதும் ஏற்கெனவே இருந்தன. அதையெல்லாம் வயசின் கணக்கில் தள்ளியிருந்தேன்.

கடைசியில் பக்கத்துத் தெருப் பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண், ஆனால் கெட்டிக்காரி. என் கடைவாய்ப் பற்களைப் பார்த்ததுமே, "தேய்ஞ்சு மட்டமாகிடுச்சு ஆன்ட்டி. பகல்ல மட்டும் இல்ல, தூக்கத்துலயும் கடிக்கிறீங்க. தாடை மூட்டு ரொம்ப இறுகியிருக்கு" என்றாள். உதடு ஒட்டியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது என்று பழக்கினாள். கொஞ்ச நாளைக்குக் குழைந்த சோறுதான் என்றாள். அதுவரை சரி. பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தூங்கும்போது பக்கத்துல யாரு இருப்பாங்க ஆன்ட்டி?"

"கல்லாப்பெட்டி" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்லுக்குச் சும்மா ஒரு பிளேட் போட்டுவிடலாமாம். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஆளாக இருந்தால் அது போதாதாம். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி வேறு கருவி செய்ய வேண்டுமாம். அதற்கு முதலில் நெஞ்சு டாக்டர் ஒரு தூக்க டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். "யாராவது பாத்துச் சொன்னா நல்லா இருக்கும். மூச்சு நிக்குதான்னு தூங்குறவங்களுக்குத் தெரியாது இல்ல?" என்று சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். கடிதத்தை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். அம்மா போனதற்குப் பிறகு நான் தூங்குவதை எந்த மனுஷரும் பார்த்ததில்லை. அதை ஒரு சின்னப் பெண் கேட்டுத் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

எங்கள் ஊரில் மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்போம். பிரெஞ்சுக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, இந்தத் தூக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. வீட்டுக் கூரைத் தளத்திலிருந்து அனல் இறங்கும் என்பதால் நான் ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிவிட்டுக் கடைத் தரையிலேயே பாய் விரித்துப் படுப்பேன். ஒரு நாள் டாக்டர் சொன்னதை நினைத்துப் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்து கேட்டபோது கூசிப்போனேன். அது மனுஷர் விடுகிற குறட்டையே இல்லை, லாரி மேட்டில் ஏறுகிற சத்தம். அதற்குப் பித்தளை அண்டா ஒன்று கூடவே ஒத்து ஊதுகிறது. திடீரென்று ஒரு நிசப்தம். மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. போன் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. பிறகு தண்ணீரில் முங்கியவள் மேலே வருகிற மாதிரி ஒரு இழுப்பு, மறுபடி லாரி.

அந்த நிசப்தத்தைக் கேட்டபோதுதான் பூக்காரி நினைவுக்கு வந்தாள்.

ஒதியம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், என்னைவிட நாலைந்து வயசு சின்னவள். மத்தியானத்தில் கடை சாத்தியதும் என் கடைப் படியில் நிழலுக்கு உட்கார்ந்து சாயங்காலத்துக்குப் பூ கட்டுவாள். நான் தூங்குகிற நேரத்தில் யாரோ ஷட்டரைப் படபடவென்று தட்டுவார்கள். தூக்கிவாரிப்போட்டு எழுந்து ஷட்டரைத் தூக்கினால் இவள் மட்டும் இருப்பாள். கேட்டால், "யாரோ குக்கர் கேட்டு வந்தாங்கக்கா, பூட்டாங்க" என்பாள். தெரு காலியாகக் கிடக்கும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை, வாரத்தில் நாலு நாள் இதே கதை. என்னை வைத்து விளையாடுகிறாள் என்றே முடிவு கட்டினேன். தாடை பூட்டிக்கொள்வதற்கு இரண்டு மாதம் முன்பு, "இனிமே இந்தப் படியில உன்னப் பாத்தேன்னா தண்ணி ஊத்திடுவேன்" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை, நான் நினைத்தது சரிதான் என்று மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அவளைத் தேடிப் போனேன். பஸ் நிறுத்தத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முல்லை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பூவை மடியோடு இழுத்து மூடினாள். நிஜமாகவே தண்ணீர் ஊற்ற வந்தேன் என்று நினைத்திருப்பாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"நீதானே தட்டுன?"

"ஆமாக்கா."

"ஏன்?"

"மூச்சு நின்னுபூடுதுக்கா உங்களுக்கு. மொதல்ல தானா வந்துடும்னு வுட்டுடுவேன். பூ கட்டிக்கினே முடிச்ச எண்ணுவேன். அஞ்சு கண்ணி, ஆறு கண்ணின்னா வந்துடும். எட்டு கண்ணி கட்டியும் வரலன்னா எனக்கு பயமாப்பூடும். தட்டிடுவேன்."

எட்டுக் கண்ணி கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அவள் விரல்கள் போகிற வேகத்தில் அதைக் கட்டிக் காட்டினாள். நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆறாவது கண்ணியில் விட்டுவிட்டேன்.

"இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது? உங்க கொறட்ட தெருவுக்கே கேக்குதுன்னா? வெக்கப்படுவீங்க. நீங்க வேற ஒத்த ஆளா கீறீங்க, சொன்னா பயந்துக்குவீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமல் நாலு முழம் முல்லை வாங்கிக்கொண்டு வந்தேன். நான் பூ வைத்துக்கொள்கிறவள் இல்லை. சாமி படத்துக்குப் போட்டது போக மீதி ஃபிரிட்ஜில் கிடந்து வாடியது.

பல் டாக்டரிடம் எட்டுக் கண்ணி என்று சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை. விளக்கியதும் அப்படியே தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு டெஸ்டுக்குப் போனேன். பூக்காரி சொன்னதையே அவர்கள் கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினார்கள். வாயில் அச்செடுத்து, மேல் பல்லுக்கு ஒன்றும் கீழ்ப் பல்லுக்கு ஒன்றுமாகக் கருவி வந்தது. மூட்டு ஏற்கெனவே புண்பட்டது என்பதால் அவசரப்படாமல், ஒவ்வொரு தடவையும் துளித்துளியாகத்தான் பல் டாக்டர் தாடையை முன்னால் நகர்த்தினாள். முதல் சில நாள் எச்சில் ஒழுகியது, எழுந்ததும் பல் வரிசை யாருடையதோ போல இருந்தது. ஒரு மாதத்தில் வாய் மூன்று விரல் அகலம் திறந்தது. காலைத் தலைவலியும் போயிற்று.

மூச்சும் சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி டெஸ்ட் எடுக்கத்தான் போகிறார்கள். ஆனால் எனக்கு அதற்கு முன்னால் பூக்காரி சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் போய், ஒரே ஒரு மத்தியானம் வந்து உட்காரச் சொன்னேன். தயங்கினாள், ஆனாலும் வந்தாள். ஷட்டரை இறக்கி, கருவியை மாட்டிக்கொண்டு படுத்தேன். வெளியே அவள் கூடையை நகர்த்துகிற சத்தம் கேட்டது, ஒரு இருமல் கேட்டது. எத்தனையோ வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் கண்ணை மூடியதில்லை.

நானாகவே எழுந்தபோது மணி நாலாகப் போகிறது. ஷட்டரைத் தூக்கினேன்.

"தட்டவே இல்லையேடி?"

"நிக்கவே இல்லக்கா. கொழந்த மாரி போய்ப் போய் வருது. இன்னாத்துக்குத் தட்டணும்?"

அவள் முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு ஏனோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிக்கொண்டு அடுக்கியிருந்த சொம்புகளை மறுபடி அடுக்கினேன்.

"நாளைக்கும் வந்து உக்காரேன்" என்றேன்.

"எதுக்குக்கா? அதான் சரியாப்பூட்ச்சே. அங்க பஸ் ஏற வர்றவங்க வாங்கிக்கினே கீறாங்க, பூ நிக்க மாட்டேங்குது" என்று கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

மூச்சுக்காக இல்லை, சும்மா வந்து உட்கார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. "சரி, பாத்துப் போ" என்றேன்.