எங்கள் ஊரில் இருபத்தொரு வயது

பழவேற்காடு கடைத்தெருவுக்கு எதிர்க்கரையில், படகேறிப் போக வேண்டிய குப்பம் எங்களுடையது. அங்கே இருக்கிற ஒரே பெட்டிக்கடை என்னுடையது. சோப்பு, ஷாம்பு, நைலான் நூல், பிஸ்கட், வெற்றிலை பாக்கு, கடைசியாக பீடி, சிகரெட், புகையிலை. கடைசியாகச் சொன்னதுதான் முதலில் விற்றுத் தீரும். அதில் எனக்குப் பெருமையும் இல்லை, பெரிய வெட்கமும் இல்லை. நான் விற்காவிட்டால் அக்கரைக்குப் போய் வாங்கி வருவார்கள், போன கையோடு சோப்பையும் அங்கேயே வாங்கிவிடுவார்கள். இது ஒரு நியாயமா என்று கேட்டால், கடைக்காரியின் நியாயம் அவ்வளவுதான்.

பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று கடையில் ஒரு போர்டு உண்டு. உப்புக்காற்று அதில் பாதி எழுத்தைத் தின்றுவிட்டது. போர்டு எனக்குத் தேவையும் இல்லை. ஊரில் எந்தப் பையனுக்கு என்ன வயது என்பது எனக்குத் தெரியும், முக்கால்வாசிப் பேருக்குப் பேர் வைத்த அன்று நான் பாயசம் குடித்திருக்கிறேன். மீசை முளைத்துவிட்டது என்று தடவிக் காட்டுகிறவனுக்கு ஒரு தேன்மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா, எனக்கு நாத்தனார். பக்கத்து வீடு. காலையில் முதல் படகில் அக்கரை போய், ஏலத்தில் இறாலும் நண்டும் எடுத்து, பஸ் பிடித்துப் பொன்னேரியில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவாள். அவள் புருஷன் தொண்டையில் புண் வந்து இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பீடிதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கடைசி மாதங்களில் அந்த மனிதர் தண்ணீர் விழுங்கப் பட்ட பாட்டைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். அப்போதும் என் கடையில் பீடி விற்றுக்கொண்டுதான் இருந்தது.

நாத்தனார் பீடியைக் கண்டால் காறித் துப்புவாள். துப்புவதற்கு வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். பீடி வேறு, போயிலை வேறு என்பது அவளுடைய கட்சி. அது புகை, இது மருந்து. வயதுக்கு வந்த காலத்தில் பல்வலிக்காகத் தொடங்கிய மருந்து, பல் விழுந்த பிறகும் நிற்கவில்லை. யாராவது அதைச் சுட்டிக்காட்டினால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல நேரம் இல்லை என்று அர்த்தம்.

அவளுக்கு ஒரே பையன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுக்குப் பதினெட்டு முடிந்து, ஊரில் பேர் சேர்த்தார்கள். எங்கள் குப்பத்தில் அதுதான் பெரிய சடங்கு. பேர் சேர்ந்தவன் திருவிழாவுக்கு வரி கட்டுவான், கூட்டத்தில் முன்னால் உட்காருவான், ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்கிற முறை இருக்கிறதே, நாங்கள் பாடு என்போம், அதில் அவனுக்கும் ஒரு பங்கு வரும். புருஷன் போன வீட்டுக்கு மறுபடி பாடு வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். துவைக்க எடுத்த அவன் சட்டையில் சிகரெட் வாசனை.

நேராக என் கடைக்கு வந்தாள். நான் விற்கவில்லை என்று கங்கையம்மன் மேல் சத்தியம் செய்தேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற கூட்டாளிகள் இரண்டு பேர் அவனுக்கு உண்டு, அவர்கள் பாக்கெட்டில் வந்திருக்கும் என்றேன். அவள் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "இவங்க அப்பனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போன தோளு இன்னும் வலிக்குது. இவனையும் தூக்கணுமா?" என்றாள். அந்த அம்மாள் அழுது நான் பார்த்தது குறைவு. அன்றைக்கு அழுதாள்.

பதினெட்டை இருபத்தொன்றாக்கப் போகிறார்கள், அதற்குக் குறைந்தவனுக்குப் பீடி சிகரெட் எதுவும் விற்கக்கூடாது என்று டெல்லியில் பேச்சு நடப்பதாக யாரோ போனில் பார்த்துவிட்டு வந்து கடையில் சொன்னார்கள். நாத்தனார் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். சர்க்கார் எப்போது செய்யுமோ, நம் ஊர் முதலில் செய்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று திருவிழாவுக்கு முந்தைய கூட்டத்தில் போய் நின்றாள்.

கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றோம். புகையிலையை எதிர்த்து நடந்த அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருந்தது. ஓட்டுப் போடுகிறான், படகு ஓட்டுகிறான், அவனுக்கு ஒரு பீடி வாங்க உரிமை இல்லையா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாத்தனார் பதிலும் அதே அளவுக்கு நியாயம். ஓட்டுத் தப்பாகப் போட்டால் அஞ்சு வருடத்தில் மாற்றிப் போடலாம், பீடியை அப்படி மாற்ற முடிகிறதா, இங்கே பிடிக்கிறவர்களில் இருபத்தொரு வயதுக்குமேல் ஆரம்பித்தவர் யாராவது கையைத் தூக்குங்கள் என்றாள். ஒரு கையும் எழவில்லை. அவள் புருஷன் எப்படிச் செத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த சிக்கல். ஆதார் கார்டை யாரும் நம்பத் தயாராக இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதம் அது. ஊர்த் தலைவர் யோசித்து ஒரு வழி சொன்னார். பேர் சேர்ப்பது பதினெட்டில். சேர்ந்த பிறகு மூன்று திருவிழாவுக்கு வரி கட்டினவனுக்கு இருபத்தொன்று. யார் எத்தனை வரி கட்டினார்கள் என்பது ஊருக்கே மனப்பாடம். பீடியோ புகையிலையோ, மூன்று வரி முடிந்தவருக்குத்தான் கடையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இதைவிடச் சுலபமாக உலகத்தில் யாரும் வயது கணக்குப் பார்த்திருக்க முடியாது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

மறுநாள் காலை முதல் படகுக்கு முன்னால் நாத்தனார் வழக்கம்போல வந்து கையை நீட்டினாள். நானும் வழக்கம்போலப் புகையிலை டப்பாவைத் திறந்தேன். படகில் ஏறி உட்கார்ந்திருந்த பையன்கள் கூட்டத்திலிருந்து அவள் மகன் குரல் வந்தது.

"அத்தை, எங்கம்மா எத்தினி வரி கட்டிகீது?"

டப்பாவில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பெண்களுக்கு வரி கிடையாது. புருஷனை இழந்த வீட்டுக்கும், பையன் பேர் சேரும்வரை தள்ளுபடி. அதை ஊர் ஒரு தயவாக நினைத்துச் செய்து வந்தது. ஆகவே நேற்று நாங்கள் கை தட்டி வரவேற்ற சட்டப்படி, எங்கள் குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் இன்னும் இருபத்தொன்று ஆகவில்லை. படகு முழுக்க ஒரே சிரிப்பு. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளுக்கு மட்டும் கொடுத்தால் நாளைக்குப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். "அக்கா, ரூல்ஸ்படி பாத்தா நீ மைனரு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகாதது ஆச்சரியம். வெறும் வாயோடு படகேறிப் போனாள்.

அடுத்த நாலைந்து நாள் ஊர் இரண்டுபட்டது. அறுபது வயதுக்காரிகள் எல்லாம் என் கடை முன்னால் வந்து நின்று, பேரன் பேத்தி எடுத்த எங்களுக்கா வயது பத்தவில்லை என்று கேட்டார்கள். புருஷன் இருக்கிறவர்கள் புருஷனை அனுப்பினார்கள். தலைவரே தம் மனைவிக்கு வாங்க வந்தார். நானும் ஒரு வரியும் கட்டாதவள், மைனர் வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது, நீங்களே வந்து கல்லாவில் உட்காருங்கள் என்று எழுந்து இடம் விட்டேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போனவர், சாயந்திரமே மறுபடி கூட்டம் போட்டுவிட்டார்.

ஆண்கள் இந்த முறை தயாராக வந்திருந்தார்கள். பெண்களுக்கு விலக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முடிந்தது என்றார் தலைவர். உடனே பையன்கள் எழுந்தார்கள். முன்னால் நின்றவன் நாத்தனார் மகன். வரி கட்டாதவர்களுக்கு உண்டு, வரி கட்டுகிற எங்களுக்கு இல்லையா, விலக்கு என்றால் எல்லோருக்கும் விலக்கு, இல்லாவிட்டால் இந்தச் சட்டமே வேண்டாம் என்றான். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருந்தது. உள்ளுக்குள் எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான். ஆண்களுக்கும் இந்த ரோதனை போதும் என்று ஆகியிருந்தது. கொண்டுவந்தது நீதானே, விட்டுவிடலாமா, நீயே சொல் என்று தலைவர் நாத்தனாரைப் பார்த்துக் கேட்டார்.

மகன் கேட்ட கேள்விக்கு வீம்பாக அக்கரைக் கடையிலும் வாங்கவில்லை, வாயில் புகையிலை போட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது அவளுக்கு. கண் சிவந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவளுடைய புகையிலை அவளுக்குக் கிடைக்கும். அதே வார்த்தையில் மகனுக்கும் கதவு திறந்துவிடும். கூட்டத்தில் எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்தோம்.

"எனக்கு வெலக்கு வாணாம்" என்றாள். "ஊரு கணக்குல நான் சின்னப் புள்ளன்னா, சின்னப் புள்ளயாவே இருந்துட்டுப் போறேன். ரூல்ஸு இருக்கட்டும்."

அவள் மகன் உட்கார்ந்துவிட்டான். சட்டம் நின்றது. வழியில் மற்றப் பெண்கள் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள், தலைவரின் மனைவி குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அதற்குப் பிறகு அவள் பட்டதை நான் கிட்டே இருந்து பார்த்தேன், கிட்டே இருந்த பாவத்துக்கு நானும் பட்டேன். கிராம்பு மென்றாள், சோம்பு மென்றாள், வறுத்த புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டாள். எதுவும் ஆகவில்லை. தலைவலி, தூக்கமில்லை, ஏலம் விடுகிறவரோடு சண்டை, பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை. அவள் படகிலிருந்து இறங்குவது தெரிந்தால் நான் உள்ளே போய் அரிசி புடைப்பேன். ஒரு நாள் பார்க்கப் பொறுக்காமல் வெற்றிலைக்குள் ஒரு துண்டுப் புகையிலையை மடித்து நீட்டினேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று. கையைத் தட்டிவிட்டாள். வெற்றிலை போய் மணலில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி அவள் மகன் வலை அலசிக்கொண்டிருந்தான். பார்த்தான்.

அவன் சிகரெட்டை விட்டானா என்றால், எனக்குத் தெரியாது. எங்கள் ரூல்ஸுக்கு நீந்தத் தெரியாது. அக்கரைக்குப் போனால் காசு நீட்டுகிற எவனுக்கும் கொடுக்கக் கடைகள் இருந்தன. ஆனாலும் ஒன்று சொல்வேன். ஒரு சிகரெட்டுக்காகப் படகுக்குக் காத்திருந்து, அதே படகில் வருகிற மாமன் சித்தப்பன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் போய்வர வேண்டுமா என்கிற சோம்பல் எங்கள் பையன்கள் பல பேரைக் காப்பாற்றியது. இதை நான் கண்ணால் பார்த்தேன். டெல்லியில் பேசுகிறவர்கள் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

அவன் சட்டையை இப்போதெல்லாம் மோந்து பார்ப்பதில்லையா என்று நாத்தனாரைக் கேட்டேன். "தெரிஞ்சிட்டா சண்ட போடணும். தெரியலன்னா நம்பிகினு இருக்கலாம் பாரு" என்றாள்.

இந்த வருடத் திருவிழாவில் அவன் மூன்றாவது வரி கட்டினான். அவனோடு பேர் சேர்ந்த இன்னும் இரண்டு பேரும் கட்டினார்கள். சாயந்திரம் புதுச்சட்டையும் மஞ்சள் நீருமாக மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். நாத்தனார் கடை ஓரமாக ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சாமிக்கு வாங்கிய பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகன் வருவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல் மட்டும் பூவில் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பையன் சிகரெட் கேட்டான், கொடுத்தேன். இரண்டாமவனும் கேட்டான். ரொம்ப கம்பீரமாகப் பற்றவைத்து, ரொம்ப கம்பீரமாக இருமினான். சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மூன்றாவதாக அவன் வந்து பணத்தை வைத்தான். இன்னாடா வேணும் என்றேன்.

"போயிலை குடு அத்தை."

எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து அவன் திரும்பவும் சொன்னான். "அம்மாவுக்கு. இப்பதான் எங்கிட்ட குடுக்கலாமே."

டப்பாவைத் திறந்து, நல்ல இலையாக ஒன்று பார்த்து எடுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். கண் கலங்கியது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம். அவன் அதைக் கொண்டுபோய் அம்மா முன்னால் நீட்டினான். இத்தனை நாள் அவள் பட்டதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பூவை மடியில் வைத்துவிட்டு வாங்கினாள். காகிதத்தைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அந்த ஆசை அடங்கவே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு பழையபடி மடித்து அவன் கையிலேயே வைத்தாள்.

"எனக்கு இன்னும் வயசு வரல நைனா" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. கடைக்குத் திரும்பி வந்து, பொட்டலத்தைப் புகையிலை டப்பாவுக்குள் போட்டு, மூடியை அவனே இறுக்கித் திருகினான்.