மருந்து ரூம் கை

மாவட்டத்தில் முதல் பெண் பாக்சர் என்று என்னைச் சொல்வார்கள். இரண்டாவதாக யாரும் வராததால் அந்தப் பெயர் பத்திரமாக இருந்தது. என் எடைப் பிரிவில் எதிராளியே கிடையாது. இரண்டு வருடமாக மேடையேறி, சும்மா நின்று, தங்கப் பதக்கத்தோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பஸ் நெரிசலில் இடிபட்டதுதான் நான் பட்ட அடி.

மூன்றாம் வருடம், ஒரு சண்டையாவது போட்டால்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவோம் என்றார்கள். எனக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அவ்வளவுதான். எதிரே நிற்க வருவாரா என்று மதினியைக் கேட்டேன். அண்ணன் மனைவி. இருவருக்கும் ஒரே எடை, ஒரே பட்டாசுக் கம்பெனி, அங்கே ஒரே மருந்து ரூம்.

“ஒன்ன அடிக்கதுக்கா? முன்னாலயே கேட்டிருக்கலாம்ல பிள்ள,” என்றார்.

மழைக்குக் கம்பெனி மூடிய நாட்களில் மணல் மூட்டையைக் குத்திப் பழகினோம். மூட்டை கிழிந்தது.

போட்டியன்று கம்பெனி வேனில் பெண்கள் வந்திறங்கினார்கள். அண்ணனும் வந்தான். யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையிலும் டீ வைத்துக்கொண்டான்.

மணி அடித்தது. எதிரே மதினி முகத்தைப் பார்த்ததும் என் கை தானாக மெதுவானது. வருடக்கணக்காக அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் குழாயில் வெடிமருந்து செலுத்துகிறேன். அங்கே உரசக்கூடாது, தட்டக்கூடாது, எதையும் பொத்தென்று வைக்கக்கூடாது. கிளவுஸைக் கொண்டுபோய் மதினி தோளில் வைத்தேன். அவரும் என் தாடையில் வைத்தார். வைத்துவிட்டு, சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தார்.

“மதினியும் கொளுந்தியாளும் சண்டைக்கு வந்தீகளா, பேன் பாக்க வந்தீகளா?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நடுவர் நிறுத்தினார். “சண்டை போடுங்கம்மா. இல்லேன்னா ரெண்டு பேரையும் வெளியேத்திருவேன்.”

வெளியேற்றினால் சண்டை கணக்கில் வராது, மாநிலமும் கிடையாது. தெரிந்தும் அடுத்த குத்தைப் பக்குவமாகவே வைத்தேன்.

எங்கள் போர்மேன் எழுந்தார். ரூமில் கையை ஓங்கினாலே வெளியே அனுப்புகிறவர்.

“இங்கன மருந்து இல்லம்மா. நான் சொல்லுதேன், அடிங்க.”

மதினி போர்மேன் சொல்லைத் தட்டாதவர். என் மூக்கில் ரத்தம் வந்தது. பிறகு நானும் ஆரம்பித்தேன். கடைசி ரவுண்டு முடிந்ததும் நடுவர் என் கையைத் தூக்கினார்.

கீழே இறங்கியதும் மதினி என் மூக்கில் பஞ்சைத் திணித்தார். “மாநிலத்துல எதுக்க நிக்கப் போறது யாரு?”

“தெரியாதவுக, மதினி.”

“அப்பச் சரி. தெரியாதவுகள அடிக்க நமக்கு என்ன சங்கடம்?”