கண்ணாடிக்காரன் திருப்பிப்போட்ட பற்கள்

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பல் லேபிலிருந்து போன் வந்தது. அக்காவோடு பதினான்கு வருடம் வேலை பார்த்த பிளாஸ்டர்காரர்தான் பேசினார்.

"கொஞ்சம் கிளம்பி வாங்கம்மா. அக்கா மேஜை மேலயே சாஞ்சுட்டாங்க. மெழுகு உருக்குற விளக்கை நான் அணைச்சிட்டேன்."

விளக்கைப் பற்றி ஏன் சொல்கிறார் என்று வண்டியில் போகும்போதுதான் புரிந்தது. அக்கா தன் விளக்கை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

அக்கா பல் செட்டும் கேப்பும் செய்பவள். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து இவள் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, மெழுகில் பல் வடித்து, நிறம் சேர்த்துத் திருப்பி அனுப்புவாள். அந்த வாய்க்காரர்களை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் பஸ்ஸில் எதிரே யாராவது சிரித்தால் என் விலாவில் இடிப்பாள். "அந்த முன்பல் என்னுது. பார்க்காத, பார்க்காத. திரும்பிக்கோ."

வேலை தேடுபவர்களும் தருபவர்களும் கூடும் இணையத்தளத்தில் அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஆரம்பத்தில் எல்லாரையும் போல முகம், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் போட்டிருந்தாள். ஒருவன் கேப் விலை கேட்டுப் பேச ஆரம்பித்தான். மூன்றாவது போனில், லேபில் எத்தனை மணி வரைக்கும் தனியாக இருப்பீர்கள் என்று கேட்டான். அன்றைக்கே நம்பரை எடுத்தாள், தேதியை எடுத்தாள், முகத்தையும் எடுத்துவிட்டு, கையுறை போட்ட இரண்டு கைகளின் படத்தை வைத்தாள்.

"இவ்வளவு பயமா?" என்றேன்.

"பயமில்லடி. நீ வீட்டு வாசல்ல போர்டு மாட்டுவியா, 'இன்னைக்கு நான் மட்டும்தான் இருக்கேன்'னு?"

மற்றவர்கள் விஷயத்தில் இன்னும் கறார். ஒரு வேலையைப் படம் போடுமுன் டாக்டர் மூலமாக அந்த நோயாளியிடம் சம்மதம் கேட்பாள். வாயைப் படமெடுக்க மாட்டாள். அச்சின் மேல் பல்லைப் பொருத்தி, நேர் முன்னால் வைத்து எடுப்பாள். அச்சுப் பெட்டிகளில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். எந்த நம்பர் யாருடையது, எந்தப் படத்துக்கு எந்தப் பெட்டி என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது.

பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் வேலைக்கு அவள் மூன்று முறை விண்ணப்பித்தாள். கண் மங்கத் தொடங்கியிருந்தது, பிளாஸ்டர் தூசியில் இருமல் நிற்கவில்லை. மூன்றாம் முறை நேர்முகம் வரை போனாள். பிறகு நிலையத் தலைவியிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் பக்கத்தில் இருக்கும் படங்கள் இன்னொருவர் பக்கத்திலும் இருக்கின்றன, அவர் தம் முகமும் முகவரியும் தந்திருக்கிறார், உங்கள் பக்கத்தில் கைகள் மட்டுமே உள்ளன, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தரவும்.

அக்கா அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாள் என்று தெரியாது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"ஒழுங்கா மூஞ்சியக் காட்டியிருந்தா நான் யோக்கியம். மறைச்சதால திருடி. அப்படித்தானே?"

"ஒரு போட்டோ போட்டுடு அக்கா. இப்ப மட்டும்."

"என் மூஞ்சியப் பார்த்தா பல்லு யார் செஞ்சதுன்னு தெரிஞ்சிடுமா? நீ வேற."

கடிதத்தில் சொன்ன அந்த இன்னொருவனின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது படங்கள். படங்களுக்குக் கீழே இருந்த வர்ணனையும் அவள் எழுதியதுதான், எழுத்துப் பிசகாமல். அரை மணி நேரம் கழித்துப் பெரிதாகச் சிரித்தாள். நான் பயந்து ஓடி வந்தேன்.

"மடையன்டி! தேடினா சிக்கக் கூடாதுன்னு படத்தையெல்லாம் இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்கான். ஆனா நான் எழுதினத அப்படியே வச்சிருக்கான்!"

எனக்கு விளங்கவில்லை. விளக்கினாள். பல் வேலையில் வலம், இடம் என்றால் நோயாளியின் வலம், இடம். வலது கோரைப்பல் என்று அவள் எழுதியிருக்கிறாள், அவள் படத்திலும் அது நோயாளியின் வலதுதான். அவன் படத்தில் அதே பல் இடதுக்குப் போய்விட்டது. கீழே வர்ணனை மட்டும் இன்னும் 'வலது' என்கிறது. அன்றிலிருந்து அவனுக்குக் கண்ணாடிக்காரன் என்று பெயர்.

மறுநாள் முதல், வேலை முடிந்ததும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினாள்: எந்தப் படம், எந்தத் தாடை, எந்தப் பக்கம், அதன் அச்சு எந்தப் பெட்டியில். லேபுக்கும் நோட்டோடு போனாள். வியாழன் மாலை எல்லாவற்றையும் அனுப்புவதாக இருந்தாள்.

காரியங்கள் முடிந்து ஆறாம் நாள்தான் நோட்டைத் திறந்தேன். அவள் போனதைவிட அந்தக் கெடு தாண்டியதுதான் என்னைத் தூங்க விடவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயிற்சி நிலையத்துக் கோப்பில் அக்கா இன்னும் திருடியாகவே இருந்தாள். தளத்தின் விதிகளைப் படித்தேன். இறப்பைத் தெரிவித்தால் தளமே பக்கத்தை மூடிவிடலாம் என்று இருந்தது. அவள் பக்கம் மூடப்பட்டால் அந்தப் பற்கள் அவன் பக்கத்தில் மட்டும் இருக்கும். அவள் போனில் நுழையவும் வழியில்லை, அவள் விரல் வேண்டும். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிவிப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றினேன்.

பிளாஸ்டர்காரர்தான் கேட்டார். "பக்கம் கிடக்கட்டும்மா. பெட்டி நம்மகிட்டதானே இருக்கு?"

நோட்டில் உள்ள நம்பர்களைத் தேடிப் பதினெட்டு அச்சுகளை எடுத்தோம். துணியில் சுற்றி, இரண்டு பைகளில் போட்டு, பயிற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனோம். தலைவி முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"கெடு முடிஞ்சு போச்சே. அவங்களே வரலையா?"

"அவங்க இல்லை மேடம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் ஒரு பையைத் தன் பக்கம் இழுத்தார். ஓர் அச்சைக் கையில் எடுத்தார். திரையில் கண்ணாடிக்காரனின் படத்தைத் திறந்து அதன் பக்கத்தில் பிடித்தார். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வாய் என் கையில இருக்கு. அவன் படத்துல இருக்கிற வாய் உலகத்துல யாருக்குமே கிடையாது."

வேலை அக்காவுடையதுதான் என்று அன்றே கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தளத்துக்குத் தன் பெயரில் ஒரு கடிதமும் தந்தார். அதோடு வாரிசு என்ற முறையில் என் புகாரையும் சான்றிதழையும் அனுப்பினேன். அவள் பக்கத்தை மூட வேண்டாம் என்று தனியாக எழுதினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் பார்த்தபோது அவன் பக்கத்திலிருந்து பதினெட்டுப் படங்கள் போயிருந்தன. அக்காவின் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பத்தொன்பதாவது இன்னும் அவனிடம் இருக்கிறது. அச்சோடு ஒத்துப்பார்க்காமல் எடுக்க முடியாது என்கிறார்கள் தளத்துக்காரர்கள். லேப் அலமாரியில் நானூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள், எதிலும் பெயர் இல்லை. நோட்டின் கடைசி வரியில் 'மேல் தாடை' என்று இருக்கிறது. வலமா இடமா என்பதையும் பெட்டி நம்பரையும் அக்கா எழுதவில்லை.